பெரிய காலர், சின்ன காலர்

சட்டைக் கம்பெனிக்குள் கால் வைத்த அன்றே, பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வாசலில் செருப்போடு கழன்றுவிடும். அப்புறம் யார் எந்தத் துண்டைத் தைக்கிறாளோ அதுதான் அவள் பெயர். பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட். பட்டன் வைக்கிறவள், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாலும், பட்டன்தான். அந்த வரிசையில் காலர் வைக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணி, மற்றவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை. அதனால் அண்ணி பெரிய காலர், நாத்தனார் சின்ன காலர்.

காலர் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சட்டையில் மற்ற எது கோணினாலும் இஸ்திரியில் மறைத்துவிடலாம். காலர் கோணினால் போட்டவன் முகமே கோணிப்போகும். வளைந்த கழுத்தில் நேரான துணியை ஓட்டி, இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெரிய காலருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அடுத்தவள் துணியை எடுத்து மடிப்பதற்குள் இவள் தைத்துப் பின்னால் தள்ளியிருப்பாள். அவளுக்கு அது தெரியவும் தெரியும். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாளே ஒழிய, உள்ளுக்குள் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது வாய்விட்டு, "அடேயப்பா, என்ன கை!" என்று சொன்னதில்லை என்கிற குறையும் உண்டு. சட்டை போடுகிறவன் தைத்தவளையா நினைக்கப் போகிறான்?

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால், பக்கத்தில் இருக்கிறவர்கள் தாங்கள் தைத்ததில் கொஞ்சம் எடுத்து அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். "இன்னிக்கு அவளுக்குப் போட்டு விடுங்கடி" என்று ஒரு குரல் போகும், அவ்வளவுதான். கரும்பலகையில் சாக்பீஸால் மொத்த வரிசைக்கும் ஒரே எண் எழுதுகிற சூப்பர்வைசருக்கும் இது தெரியும். மொத்தம் சரியாக வந்தால் அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்?

பிறகு பெட்டிகள் வந்தன. அந்த வருஷம் கம்பெனிக்கு ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் கண்ணாடி போட்ட ஆபீஸ் எழும்பியது, சாலை அகலமாகியது, பின்பக்கச் சந்தில் மட்டும் வழக்கம்போல முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு தையல் மிஷின் மேலேயும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காலையில் அதில் தொட்டால் ஆள் வந்தாயிற்று என்று கணக்கு. ஒரு கட்டுத் துணி தைத்து முடித்ததும், கட்டோடு வரும் வில்லையைத் தொட்டால், அந்தக் கட்டு அவள் பேரில் ஏறும். போதுமான வேகம் என்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. பெண்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள்.

"இந்தக் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளமும் கிடையாது, சோறும் கிடையாது. அதான் மொதலாளிக்கு இவ்வளவு புடிச்சுப் போச்சு" என்றாள் பாக்கெட்.

"வாயும் கிடையாதுடி. அதைச் சொல்லு" என்றாள் பட்டன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சின்ன காலர் வேலையை விட்டு எழுந்து ஓடினாள். பெரிய காலர் பின்னாலேயே போனாள். கழிவறை வாளியருகே குனிந்து நின்றவள் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, நாள் தள்ளிப் போயிருக்கு."

பெரிய காலருக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்தது. நாத்தனாருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. லாரி ஓட்டுகிற புருஷன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

"டாக்டர்கிட்டப் போனியா? என்ன சொன்னாங்க?"

"வேகமா மிதிக்கக் கூடாதாம். அலட்டிக்காம இருக்கணுமாம்."

"அப்ப வீட்டுல படு."

"வேலையை விட்டா கம்பெனி ஆஸ்பத்திரி அட்டை போயிடும் அண்ணி. அட்டை இல்லேன்னா அந்த டாக்டரம்மாவைப் பார்க்கவே முடியாது. போன ரெண்டு தடவையும் அட்டை இல்லாமத்தானே..."

பெரிய காலர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ மெதுவா தை. சிவப்பு வராம நான் பார்த்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லாத, அந்த மனுஷனுக்கு வாயில எதுவும் தங்காது."

அன்றிலிருந்து போட்டு விடுவது ஆரம்பமானது. தான் தைத்த கட்டின் வில்லையை, கையை நீட்டி, நாத்தனாரின் பெட்டியில் தொடுவாள். டக்கென்று ஒரு சத்தம். மஞ்சள் பச்சையாகும். கூடையில் போடுவதைவிட இது சுலபம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஆனால் கணக்குப்பிள்ளை பழைய கரும்பலகை இல்லை. நேற்று இவ்வளவு முடித்தாயே, இன்றைக்கு இன்னும் கொஞ்சம் முடியாதா என்று ஒவ்வொரு நாளும் சின்ன காலரின் இலக்கை ஏற்றியது. ஏற்ற ஏற்ற, பெரிய காலர் இன்னும் அதிகமாகப் போட்டு விட்டாள். எல்லாருக்கும்தான் ஏறுகிறது என்று நினைத்தாள். தன் பெட்டி மஞ்சளாகிச் சிவப்பானதை, தன் கையைத் தெரியாதவர் இங்கே யார் என்று அவள் சட்டை செய்யவில்லை. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்தாள். சாப்பாட்டு வேளையில் பாதி டப்பாவோடு ஓடி வந்து உட்கார்ந்தாள். கை ஓய்ந்தாலும் கால் ஓயவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைகிறபோதும் வலது பாதம் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"என்ன அண்ணி, இங்கயும் மிஷினா?" என்று சின்ன காலர் அந்தக் காலைப் பிடித்து நிறுத்துவாள்.

ஒரு மாலை, கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலே ஒலிபெருக்கி கத்தியது. இந்த மாதத்தின் மிக வேகமான கை, கம்பெனியிலேயே முதலிடம், இன்னார் என்று சொன்ன பெயரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் அது சின்ன காலர் என்று புரிந்தது. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வரிசை முழுவதும் கையைத் தட்டிவிட்டு, பெரிய காலரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. அவளும் சிரித்தாள். சிரிப்பு உதட்டைத் தாண்டி இறங்கவில்லை. தட்டிய கையெல்லாம் தனக்கு வர வேண்டியது என்று ஒரு நினைப்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சீ, வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்த்தா பொறாமைப்படுகிறோம் என்று தன்னையே வைதுகொண்டாள்.

வீட்டில் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முன்பு அதே கம்பெனியில் துணி வெட்டுகிறவராக இருந்தவர். வெட்டுகிற மிஷின் வந்ததும் வெளியே வந்து, இப்போது போன் சொல்கிற வீடுகளுக்கெல்லாம் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆணியைத் தேடிக் கடிகாரத்தை மாட்டினார்.

"பார்த்தியா? எங்க வம்சமே கை வேகம்தான். நானும் வெட்டுறப்ப அப்படித்தான். ஏன், நீயும்தான் பக்கத்துல உக்கார்ந்திருக்க. தங்கச்சிகிட்டக் கொஞ்சம் கத்துக்கோ."

பெரிய காலர் தட்டை டொக்கென்று வைத்தாள்.

"கத்துக்கறேன். உங்க வம்சத்துக்கு வாயும் வேகம்தான், அதை மட்டும் கத்துக்க முடியல."

"என்னாச்சு இவளுக்கு?" என்று அவர் தங்கையைக் கேட்டார். தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் பெரிய காலரைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். மனிதருக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, உன் பெட்டி சிவப்பாவே இருக்கு. ஆட்டோ மிஷின் வருது. காலருக்கு இனிமே ஒரே ஆள்தான், நாலு பேர் வேலையை அது பார்த்துக்கும். வேகமானவங்களை வெச்சுக்கிட்டு மத்தவங்களை மாசக் கடைசியோட நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"சார், என் கை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. பெட்டிக்குத் தெரியாதே."

"நான்தான் அவளுக்குப் போட்டு விடறேன்னு..."

"சத்தமாப் பேசாத. அதை வெளிய சொன்னா மோசடின்னு ரெண்டு பேரையும் அன்னிக்கே அனுப்புவாங்க. பார்த்துட்டு இருந்த என்னையும் சேர்த்து."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அன்று வீட்டில் எல்லாம் வெளியே வந்தது. பிள்ளை உண்டாகியிருப்பதும், பெட்டியில் போட்டு விட்டதும், வேலை போகப் போவதும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்ததில், வீட்டுக்காரர் எதற்குச் சிரிப்பது எதற்கு அழுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன் அண்ணி" என்றாள் சின்ன காலர். "உங்க வேலையைப் புடுங்கிக்கிட்டு எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி அட்டை?"

"சொன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. கூறுகெட்டதனமாப் பேசாத."

"ஆட்டோ மிஷின்ல போய் நான் உக்கார்ந்தா என்னால ஓட்ட முடியுமா? நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே, யார் போட்டு விடுவா?"

பெரிய காலரை அரித்துக்கொண்டிருந்ததும் இதுதான். சின்ன காலர் இன்னொன்றையும் சொன்னாள். தலைமை ஆபீஸிலிருந்து ஒரு சார் வருகிறாராம். முதலிடம் வாங்கிய கை எப்படித் தைக்கிறது என்று புது மிஷினில் உட்கார வைத்துப் படம் பிடிப்பாராம். அதைப் பார்த்துத்தான் அந்த மிஷினுக்கு என்ன வேகம் என்று முடிவு செய்வார்களாம்.

வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"படமா? என்னையும் அப்படித்தான் புடிச்சாங்க. கத்திரி எப்படிப் போகுது, முழங்கை எப்படித் திரும்புதுன்னு. நான் முட்டாள், மாப்பிள்ளை மாதிரி தலையைச் சீவிட்டுப் போய் நின்னேன். அப்புறம் மிச்சம் இருந்தவன்லாம் என் வேகத்துக்கு ஓடணும்னான். ஓட முடியாதவன் போயிட்டான். கடைசில மிஷின் வந்து நானும் போயிட்டேன்."

பெரிய காலர் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த சார் புதுசு. இவ முகம் அவருக்குத் தெரியாது. படத்துல கைதான் விழும். இவ அட்டையை மாட்டிக்கிட்டு நான் உக்கார்றேன்."

"உக்கார்ந்து?"

"இவளுக்கு எது முடியுமோ அந்த வேகத்துக்குத் தைக்கறேன். ரொம்ப மெதுவாப் போனா சந்தேகம் வரும். ஓரளவுக்குத் தைச்சா, அந்த வேகத்தையே இலக்காப் போட்டுடுவாங்க. பிள்ளை பொறக்கற வரைக்கும் இவ சமாளிச்சுக்குவா. நான் எப்படியும் போகப் போறவ."

"வேகத்தை மட்டும் காட்டிடாத" என்றார் வீட்டுக்காரர். அதை அவர் கெஞ்சுவது போலச் சொன்னார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அவள்.

படம் பிடிக்கிற நாளன்றும் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. புழுக்கம் தாங்கவில்லை. வரிசைக்கே விஷயம் தெரியும். பெரிய காலர் காலையிலேயே ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள். சூப்பர்வைசர் ஊசி வாங்கி வருகிறேன் என்று எங்கேயோ மறைந்துவிட்டார். சின்ன காலர் அண்ணியின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பெரிய காலர் நாத்தனாரின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் பிளாஸ்டிக் உறை பிரித்த புது மிஷினின் முன்னால் உட்கார்ந்தாள். தலைமை ஆபீஸ்காரர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். ஊசிக்கு நேர் மேலே கேமராவை நிறுத்தி, "பயப்படாதீங்கம்மா, எப்பவும் போலத் தைங்க" என்றார்.

புது மிஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. துணியைத் தானே இழுத்தது, நூலைத் தானே அறுத்தது. பெரிய காலர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தைத்தாள். ஒரு காலர் முடித்து, அடுத்ததை எடுக்கும் முன் வேண்டுமென்றே ஒரு தரம் உதறினாள். கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு தைப்பதைப் போல ஒரு வேதனை அவளுக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. ஆனாலும் தைத்தாள். சின்ன காலர் அங்கிருந்து பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

தலைமை ஆபீஸ்காரர் போனில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். அவள் காதில் விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"ஓடிட்டு இருக்கு சார். ஆனா ரிப்போர்ட்ல பார்த்த மாதிரி இல்ல. சுமார்தான். நம்ம இன்னொரு யூனிட்ல ஒரு பொண்ணு இருக்கே, அது இவங்களைத் தூக்கிச் சாப்பிட்டுரும்."

சுமார்.

பெரிய காலருக்குக் காது சூடானது. எவளோ ஒருத்தி, எந்த ஊரிலோ உட்கார்ந்திருப்பவள், தன்னைத் தூக்கிச் சாப்பிடுவாளாமே! வேண்டாம், வேண்டாம் என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. மிதியை அழுத்தியது. வளைவு வந்தது தெரியாமல் துணி திரும்பியது. இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அடுத்தது. அதற்கடுத்தது. மிஷின் அவளுக்கென்றே செய்தது போல இருந்தது, அவள் இழுக்கும் முன் கொடுத்தது, கொடுக்கும் முன் அவள் வாங்கினாள். இதுபோல ஒரு மிஷினில் இதுவரை தன்னை யாருமே உட்கார வைக்கவில்லையே என்று ஓர் ஆத்திரமும் ஆனந்தமும் சேர்ந்து பொங்கின. கட்டு தீர்ந்ததும் அவளே எட்டி அடுத்த கட்டை இழுத்தாள். அது தீர்ந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

தலைமை ஆபீஸ்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வாயைப் பிளந்து நின்றார்.

"அம்மா! என்ன கைம்மா இது! இதைத்தாம்மா தேடிட்டிருந்தேன்!"

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்து முடிவதற்குள், சுற்றிலும் சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. வரிசையில் ஒரு மிஷினும் ஓடவில்லை. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைச் சிமிட்ட ஒருத்தியும் இல்லை.

"இனிமே எல்லா யூனிட்டுக்கும் இந்த வேகம்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கேமராவை மடித்தார்.

அவர் கண்ணாடி ஆபீஸ் படியேறுவதற்குள் பெரிய காலர் ஓடிப்போய் மறித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், அதை அழிச்சிடுங்க. அது அந்தப் பொண்ணு கை இல்ல. என் கை. அட்டையை மாத்திக்கிட்டு நான் உக்கார்ந்தேன். அவ வயித்துப் பிள்ளைக்காரி சார். இதுவரைக்கும் பெட்டியில ஏறினதும் நான் போட்டு விட்டதுதான். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க."

அவர் அவளை நிதானமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட்டை விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல, கவலைப்படாதீங்க. ஆனா படம் அப்பவே மேல போயிடுச்சும்மா."

"அது அவளால முடியாது சார். யாராலயும் முடியாது."

"யார் கையா இருந்தா என்னம்மா? முடியும்னு தெரிஞ்சு போச்சே."

அவர் ஒதுங்கிப் படியேறினார். கண்ணாடிக் கதவு தானாகவே திறந்து, தானாகவே மூடிக்கொண்டது. தூறல் விழ ஆரம்பித்ததும் பெரிய காலர் உள்ளே வந்தாள். யாரும் இன்னும் மிஷினை ஓட்டவில்லை. பாக்கெட்தான் கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

"அழிக்க மாட்டானாம்."

"நல்லாத்தானே போயிட்டிருந்த. ஏண்டி அப்படித் தைச்சே?"

எத்தனையோ சொல்லலாம். மிஷின் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாம், கால் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். வரிசை முழுவதும் காத்திருந்தது. அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"சுமார்னு சொல்லிட்டாண்டி" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பட்டன் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சின்ன காலர் எழுந்து வந்து, அண்ணியின் கழுத்தில் கிடந்த தன் அட்டையைத் தலைவழியாக மெல்லக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு புது மிஷினின் முன்னால் உட்கார்ந்து, வயிறு இடிக்காத அளவுக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, முதல் கட்டைப் பிரித்தாள்.